சகலையின் மாடு மட்டும் எப்படிச் சினை பிடிக்கிறது?

இந்த வலைப்பூவில் இதுவரை எழுதிய பயணங்களுக்கெல்லாம் கௌரவமான காரணங்கள் இருந்தன. கோயில், அருவி, உறவினர் கல்யாணம். இந்தப் பயணத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. பொறாமையால் போனேன். கன்று போட்ட மாடு மறுபடி சினை பிடிக்காமல் தவிக்கும் மாட்டுக்காரர்கள் பேரா மாநிலத்தில் பலர் இருக்கிறீர்கள். நீங்களும் ஒருநாள் இப்படிக் கிளம்பக்கூடும் என்பதால், வழியையும் நேரத்தையும் செலவையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். என் புத்தி போன போக்கையும் சேர்த்துத்தான்.

பாகான் செராய்க்கு வெளியே, வயல் ஓரத்தில், ஐந்து கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். என் மனைவி வசந்தாவின் தங்கை மாலா. மாலாவின் புருஷன் சேகர், எனக்குச் சகலை. சுங்கை சிப்புட்டைத் தாண்டி ஒரு முன்னாள் ரப்பர் தோட்டத்தில் அவருக்கு ஏழு மாடுகள். தோட்டம் இப்போது செம்பனையாகிவிட்டது, அதாவது எண்ணெய்ப் பனை. அவர் மாடுகள் கன்று போட்ட மூன்றாம் மாதமே மறுபடி சினையாகின்றன. குடும்ப விசேஷங்களில் எனக்கு இலை போடுவதற்கு முன்பே யாராவது இந்தச் செய்தியைப் பரிமாறிவிடுவார்கள்.

என்னிடம் இருப்பதில் சிறந்த மாடு சிந்தாமணி. அவள் கன்று போட்டு ஐந்து மாதம் ஆகியும் வயிறு காலியாகவே இருந்தது. ஒருமுறை சினை ஊசி போட்டோம், நிற்கவில்லை. அதன்பிறகு பருவத்துக்கே வரவில்லை. விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இளைத்திருந்தாள். பால் ஒரு வேளைக்கு இரண்டு லிட்டரைத் தாண்டவில்லை. புல்லோ என்னிடம் அளவாகத்தான் உண்டு. பாரிட் புந்தார் மாட்டு வியாபாரி திங்கட்கிழமை லோரி கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். அவர் மாடு வாங்குவது வளர்ப்பதற்கல்ல. நான் கிளம்பியது சனிக்கிழமை. இரண்டு நாளுக்குள் சகலையின் ரகசியம் தெரிந்தால் சிந்தாமணி பிழைப்பாள், இல்லையென்றால் இல்லை.

நேராகக் கேட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்கமாட்டேன். வசந்தா புது அரிசி பத்துக் கிலோ மூட்டை கட்டி, “தங்கச்சி வீட்டுல குடுத்துட்டு வாங்க” என்றாள். சாக்கு கிடைத்துவிட்டது.

நான்கு மணிக்குப் பால் கறந்துவிட்டு 5.40க்கு வண்டியை எடுத்தேன். டோல் கொடுக்க மனம் வராததால் பழைய சாலைதான். தைப்பிங் 34 கிலோமீட்டர், 6.25க்குப் போய்ச் சேர்ந்தேன். மழை. தைப்பிங்கில் மழை இல்லாத காலையைப் பார்த்தவர்கள் எனக்கு எழுதுங்கள். பசார் பக்கத்துக் கடையில் இரண்டு ரொட்டி கோசோங் (வெறும் பரோட்டா), ஒரு தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்), ஐந்து ரிங்கிட் எண்பது காசு. பருப்புக் குழம்பு தண்ணீராக இருந்தது. அது என் மனநிலையாகவும் இருக்கலாம்.

தைப்பிங்கிலிருந்து கோலகங்சார் 36 கிலோமீட்டர். நடுவில் புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தில் மர லோரி ஒன்று முன்னால் ஊர்ந்தால் உங்கள் நேரம் போயிற்று. எனக்கு ஊர்ந்தது. 7.40க்குக் கோலகங்சார், 8.10க்குச் சுங்கை சிப்புட். அங்கிருந்து ஈப்போ போகும் சாலையில் ஒன்பது கிலோமீட்டர், பிறகு இடப்பக்கம் நான்கு கிலோமீட்டர் செம்மண் சாலை. மழை நாளில் சிறிய வண்டியில் வருகிறவர்கள் சாலையின் நடுத்திட்டில் ஏறி ஓட்டுங்கள். பள்ளத்தில் இறங்கினால் செம்பனைக் குலை ஏற்ற வரும் டிராக்டர்தான் உங்களை இழுக்க வேண்டும்.

8.35க்குச் சகலையின் கொட்டகை. சிமெண்ட் தரை, மேலே விசிறி. மாட்டுக்கு விசிறி! என் படுக்கையறை விசிறி ஆறு மாதமாகக் கிரீச்சிடுகிறது. ஏழு மாடுகளும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்ததுபோல மினுமினுத்தன. கொட்டகைக்குப் பின்னால் தோட்டக் கம்பெனி குத்தகைக்கு விட்ட நிலத்தில் ஆள் உயர நேப்பியர் புல். அதைப் பார்த்ததும் காலையில் தின்ற ரொட்டி நெஞ்சில் நின்றது.

“வாங்க சகலை! இவ்ளோ தூரம் வாரீங்க, ஒரு போன் அடிச்சிருக்கலாம்லா” என்று சேகர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வயது நாற்பத்தெட்டு. தலைமுடி முழுதாக இருக்கிறது.

“சும்மாதான். அரிசி குடுத்துட்டு அப்படியே ஈப்போ போலாம்னு.”

“ஈப்போவுல என்ன?”

“வேலை இருக்கு” என்றேன். வேலை என்னவென்று அதுவரை எனக்கே தெரியாது.

அவர் தீனி வைத்துக்கொண்டிருந்தார். நறுக்கிய புல், செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு, கொஞ்சம் சோள மாவு. அதுவரை நான் போடுவதுதான். பிறகு மூலையில் இருந்த மூட்டையிலிருந்து, காலியான பால் டின்னில், வெளுத்த மணல்போன்ற ஒரு தூளை முக்கால் டின் எடுத்து, கன்று போட்டு மூன்று வாரமான மாட்டின் தீனியில் பிசறினார். அந்த மூட்டையை எனக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன் தீபாவளி விருந்துக்கு வந்தபோது, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், கை கழுவப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். மூட்டைமேல் செம்பனைக் குலைப் படம் இருந்தது. கீழே கொழுப்பு என்று மலாய் மொழியில் எழுதியிருந்தது. மீதியைப் படிப்பதற்குள் மாலாவின் மாமியார் வந்துவிட்டார்.

அன்றைக்கு நான் கண்டுபிடித்தது இதுதான்: செம்பனைக் கொழுப்பு என்றால் சமையல் எண்ணெய். சகலை அதைத் தூளாக்கி ஸ்டைல் காட்டுகிறார். நாம் நேராகவே ஊற்றுவோம். மறுநாளிலிருந்து, சிந்தாமணி கன்று போடுவதற்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பித்து, தினமும் காலையில் அரைப் பாக்கெட் எண்ணெயைப் பிண்ணாக்கில் ஊற்றினேன். ஒரு கிலோ பாக்கெட்டுகளை நான் வாங்கிக் குவித்ததைப் பார்த்து மளிகைக்கடைக்காரர் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம் என்று சொல்லிவைத்தேன். என் மகள் பள்ளியில் படிவம் மூன்று படிக்கிறாள், வயது பதினைந்து.

செலவு கருதி, சிந்தாமணிக்கு மட்டும்தான் ஊற்றினேன். சிறந்த மாடாயிற்றே.

“இது என்ன தூளு?” என்றேன், அப்போதுதான் பார்ப்பவன்போல.

அவர் ஒளிக்கவே இல்லை. அதுதான் முதல் அடி. “கொழுப்பு சகலை. செம்பனைக் கொழுப்ப சுண்ணாம்புச் சத்தோட சேர்த்து சவுக்காரம் மாதிரி கட்டி வச்சிருக்கான். கன்னு போட்ட மாடு பால நெறையக் குடுக்கும், ஆனா அந்த அளவுக்குத் தின்ன முடியாது. பத்தாததுக்கு ஒடம்புல இருக்குறதக் கரைக்கும். ஒடம்பு கரைஞ்சா செனை எங்க பிடிக்கும்? அதுக்குத்தான் இது. கொஞ்சமாத் தின்னாலும் பலம் நெறைய.”

“அதுக்கு எண்ணெயையே ஊத்திடலாமே?” குரல் சாதாரணமாக வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

“ஐயோ, ஊத்திடாதீங்க!” என்று சிரித்தார். “மாட்டோட மொதல் வயித்துல புல்ல செரிக்க வைக்கிற பூச்சிங்க கோடிக்கணக்குல இருக்கு. எண்ணெய அதிகமா ஊத்தினா அதுங்க செத்துடும், புல்லும் எண்ணெயில முங்கிடும். அப்புறம் மாடு தின்னாலும் பட்டினிதான். சாணி தண்ணியாப் போவும், மாடு எளைக்கும், பருவத்துக்கே வராது. இந்தத் தூளு மொதல் வயித்துல கரையாது. நாலாவது வயித்துல புளிப்பு இருக்குல்ல, அங்க போய்த்தான் கரையும். கால்நடை இலாகா ஆபீசர் சொல்லிக் குடுத்தாரு.”

தண்ணீர்ச் சாணி. இளைப்பு. பருவத்துக்கு வராதது. ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சிந்தாமணியின் பின்பக்கம் கண்முன்னே வந்து நின்றது. ஆறு மாதமாக அவளை நான் பட்டினி போட்டிருக்கிறேன். கையில் எண்ணெய்ப் பாக்கெட்டோடு, ரொம்பப் பிரியமாக.

சேகர் சினைமாடு ஒன்றின் இடுப்பு எலும்பையும் வால் அடியையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். கன்று போடும்போது மாடு மெலிந்தும் இருக்கக்கூடாது, கொழுத்தும் இருக்கக்கூடாதாம். கொழுத்த மாடு கன்று போட்டதும் தீனி தின்னாது என்றார். அதனால் கன்று போடும் முன் அவர் இந்தத் தூளைத் தொடுவதே இல்லை. கன்று போட்டபின் ஒரு கைப்பிடியில் ஆரம்பித்து, பத்து நாளில் முக்கால் டின்னுக்கு ஏற்றுகிறார். “தூளு மட்டும் மந்திரம் இல்ல சகலை. புல்லு இல்லாம இதக் குடுத்தா காசுதான் போவும்.”

பிறகு திரும்பி, “அக்கா சொன்னாங்க, சிந்தாமணிக்கு ஒடம்பு சரியில்ல, திங்கக்கிழமை வியாபாரி லோரி வருதுன்னு. என்ன குடுக்குறீங்க?” என்று கேட்டார்.

இங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். கொட்டகையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. ஆனால் அந்த விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அந்த ஏழு மாடுகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

“எல்லாரும் குடுக்குறதுதான். புல்லு, பிண்ணாக்கு.”

“வேற ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணும் இல்ல.”

அவர் உதட்டைப் பிதுக்கினார். “தீனி சரியா இருந்தும் இப்படி எளைக்குதுன்னா உள்ள ஏதோ பெரிய கோளாறு. கர்ப்பப்பையோ ஈரலோ. அப்ப வச்சுப் பிரயோசனம் இல்ல சகலை. வித்துடுறதுதான் நல்லது.”

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. என் தப்பு இல்லை, மாட்டின் தப்பு என்று சேகர் வாயாலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

மாலா சாப்பாடு போட்டாள். மீன் குழம்பு, கங்கோங் கீரை, அப்பளம். நன்றாக இருந்தது, அதுவும் எரிச்சல்தான். 12.45க்குக் கிளம்பி 23 கிலோமீட்டர் ஓட்டி 1.20க்கு ஈப்போ. சொல்லிவிட்டேனே, வேலை இருக்கிறதென்று. அதனால் ஒரு தீவனக் கடையைத் தேடிப் போய் அந்தத் தூளில் 25 கிலோ மூட்டை ஒன்று வாங்கினேன், 148 ரிங்கிட். பாக்கி நான்கு மாடுகளுக்கு ஆகும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். கடைக்காரச் சீனத்தி, “மாடு கன்னு போட்டாச்சா, இன்னும் இல்லையா?” என்று உடைந்த தமிழில் கேட்டார். அவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

பழைய டவுனில் ஒரு வெள்ளைக் காப்பி குடித்தேன். ஈப்போவுக்கு வருகிறவர்கள் குடித்தே ஆக வேண்டும் என்பார்கள். எனக்கு ருசி தெரியவில்லை. 3.10க்குத் திரும்பினேன். சகலை தோட்டத்துக்குத் திரும்பும் செம்மண் சாலை வலப்பக்கம் வந்தது. முகத்தை இடப்பக்கம் வைத்துக்கொண்டு தாண்டினேன். சுங்கை சிப்புட்டும் போயிற்று. 4.10க்குக் கோலகங்சார். பாலத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தி நாற்பது ரிங்கிட்டுக்கு எண்ணெய் ஊற்றினேன்.

குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வசந்தா போன் செய்தாள். “சிந்தாமணி கத்துது. நீங்க இல்லன்னு தேடுதோ என்னவோ. எண்ணெய ஊத்தி வச்சேன், தொடவே மாட்டேங்குது.”

“இனிமே ஊத்தாத” என்றேன்.

“ஏன்?”

“வந்து சொல்றேன்.”

போனை வைத்தபிறகும் அங்கேயே நின்றேன். எண்ணெய் ஊற்றியதைச் சொன்னால் சிந்தாமணிக்கு உள்ளே கோளாறு இல்லை என்று சேகருக்குப் புரியும், மாடு பிழைக்கும். அவளைத் தேற்றும் அளவுக்கு என்னிடம் புல் இல்லை, சொல்லாவிட்டால் திங்கட்கிழமை லோரி. இன்னொன்றும் தோன்றியது. அதையும் எழுதிவிடுகிறேன், யாரும் காறித் துப்பினால் துப்பட்டும். அவள் பிழைத்தால் சேகரால்தான் பிழைப்பாள். சேகர் கைராசி என்று ஊரே சொல்லும். அதற்கு லோரியே பரவாயில்லை என்று ஒரு நிமிடம், முழுசாக ஒரு நிமிடம், நினைத்தேன். பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

வண்டியைத் திருப்பினேன். 35 கிலோமீட்டர் வந்த வழியே. 4.55க்கு மறுபடி அதே கொட்டகை. சேகர் மாலைப் பால் கறந்துகொண்டிருந்தார்.

“என்ன சகலை, எதாச்சும் விட்டுட்டுப் போயிட்டீங்களா?”

“எண்ணெய் ஊத்தினேன்” என்றேன்.

“என்னது?”

“சிந்தாமணிக்கு. பாக்கெட் எண்ணெய். டெய்லி அரைப் பாக்கெட். கன்னு போடுறதுக்கு ஒரு மாசம் முன்னாலேருந்து இன்னிக்கு வரைக்கும்.”

அவர் கறப்பதை நிறுத்திவிட்டார். பால் வாளியைத் தள்ளி வைத்தார். “கொட்டைப் பிண்ணாக்குல வேற எண்ணெய் இருக்கு. அதுக்கு மேலயா?”

“ஆமா.”

“மாட்டுக்குள்ள வடை சுட்டீங்களா சகலை?” என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். “யாரு சொன்னா ஊத்தச் சொல்லி?”

“உங்க மூட்டையப் பாத்தேன். தீபாவளிக்கு வந்தப்ப.”

“என்னக் கேட்டிருக்கலாம்லா?”

“கேட்டிருக்கலாம்” என்றேன். அவருக்கும் புரிந்துவிட்டது. என் வயதுக்காரன் ஒருவன் ஏன் கேட்காமல் இருந்தான் என்று இரண்டாவது தடவை அவர் கேட்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

“அப்ப மாடு நல்ல மாடுதான்” என்றார். “எண்ணெய இன்னிக்கே நிறுத்துங்க. புல்லு நெறையக் குடுக்கணும், வயித்துப் பூச்சி திரும்ப வரணும், அப்புறந்தான் தூளு. உங்ககிட்ட அவ்ளோ புல்லு இல்லல்ல? திங்கக்கிழமை லோரி வருதுல்ல, அதையே இங்க அனுப்பிடுங்க.”

உலகத்தில் எனக்குப் பிடிக்காத இடம் ஒன்று உண்டென்றால் அது அந்த விசிறிக்குக் கீழேதான். அங்கேதான் என் சிறந்த மாடு போய் நிற்கப் போகிறது. “சரி. இனிமே அது உங்க மாடு” என்றேன், ரோஷத்தோடு. ரோஷப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்பது கேட்கிறது.

6 மணிக்குக் கிளம்பி 8.30க்கு வீடு வந்தேன். வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சமையலறைக்குப் போய் மிச்சமிருந்த ஏழு எண்ணெய்ப் பாக்கெட்டுகளை எடுத்துக் கூடத்து மேசையில் வரிசையாக அடுக்கிவிட்டு, படுக்கப் போய்விட்டாள். ஒரு வாரம் அவை அங்கேயே இருந்தன. வியாபாரியிடம் வேறு பேச்சுப் பேசி, லோரியை மட்டும் வாடகைக்கு எடுத்துச் சிந்தாமணியைத் திங்கட்கிழமை ஏற்றி அனுப்பினோம்.

இதே வழியில் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நான் ஓட்டியது மொத்தம் 318 கிலோமீட்டர். உண்மையை முதல் தடவையே சொல்கிறவர்களுக்கு 248தான் ஆகும். காலை ஐந்து மணிக்குமுன் கிளம்பினால் பெராப்பிட் ஏற்றத்தில் லோரிகள் குறைவு. வெறுங்கையோடு போகாதீர்கள், அரிசி நல்ல சாக்கு. தூள் வாங்குமுன் உங்கள் பக்கத்துக் கால்நடை இலாகாவில் மாட்டைக் காட்டி அளவு கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டுக்கு மாடு, தீனிக்குத் தீனி அது மாறும். அதன் வாடை சில மாடுகளுக்குப் பிடிக்காது, கைப்பிடி கைப்பிடியாகப் பழக்குங்கள். கன்று போடும்முன் மாட்டைக் கொழுக்க வைக்காதீர்கள். ஆபீசர் வந்து என்ன தீனி என்று கேட்டால் ஊற்றியது எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். நான் அவரிடமும் புல்லு, பிண்ணாக்கு என்றுதான் சொல்லியிருந்தேன்.

போன வாரம் சேகர் போன் செய்தார். சிந்தாமணி சதை பிடித்து, இரண்டரை மாதத்தில் பருவத்துக்கு வந்து, போட்ட முதல் ஊசியே நின்றுவிட்டதாம். ஆபீசர் கையை விட்டுப் பார்த்து மூன்று மாதச் சினை என்று சொல்லிவிட்டார்.

“நல்லது” என்றேன்.

“கன்னு போட்டு, பால் நல்லா எறங்கினதும் சொல்றேன் சகலை. வந்து கன்னோட ஓட்டிக்கிட்டுப் போங்க.”

“அது உங்க மாடுன்னு சொன்னேன்லா?”

“நீங்க கோவத்துல சொன்னீங்க. அத எல்லாம் கணக்குல எடுத்துக்கலாமா? அக்காவத் தவிர ஊர்ல யார்கிட்டயும் என் பேரச் சொல்லாதீங்க. நீங்களே பாத்துத் தேத்தினதா இருக்கட்டும்.”

போனை வைத்துவிட்டுக் கொட்டகையில் சிந்தாமணி நின்ற இடத்தைக் கழுவிவிட்டேன். மாடு அவரிடம் இருக்கட்டும். புல் இருக்கட்டும், ஊரார் வாயில் பெயரும் அவருக்கே இருக்கட்டும். அந்த மனுஷனுக்கு நல்ல மனசாவது இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா?